மூளைப் பயிற்சிக்கு 4,800 வெள்ளி: பார்க்கின்சன் இருக்கும் அப்பாவுக்குக் கட்டலாமா?

சிப்புட்மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி நாலு வருடம் ஆகிறது. ரப்பர்த் தோட்டத்தில் 35 வருடம் பால் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது லயத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துப் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். வலது கையில் நடுக்கம், நடை குறுகிப்போய்விட்டது, சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம். இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பெரிய தொல்லை எது என்றால், அறை வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நின்றுவிடுவார். பின்னால் நின்று "வாங்கப்பா, காலை எடுத்து வைங்க" என்று சொன்னால் இன்னும் மோசம். போன மாதம் அப்படி நின்றவர் குளியலறை வாசலில் சாய்ந்து விழுந்து நெற்றியில் மூன்று தையல்.

மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். லெவோடோபா மாத்திரை மூன்று வேளை. 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்கிறோம், அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் ஒரு தனியார் மையத்தின் காகிதத்தைக் கொடுத்தார். மூளையைத் தானே கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாம். தலையில் ஒயர் வைத்த தொப்பி மாட்டுகிறார்கள், எதிரே திரையில் ஒரு படகு, மூளை அலை சரியான பக்கம் போனால் படகு நகரும், இல்லாவிட்டால் நிற்கும். 20 தடவைக்கு 4,800 வெள்ளி. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் "பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ" என்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். ஆட்கள் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நிரூபித்த முறை என்றார்கள். கிளம்பும்போது "போகப்போக மருந்தைக்கூடக் குறைத்துவிடலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள் பாருங்கள், அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இது உண்மையிலேயே இருக்கிற சங்கதியா, இல்லை ஆள் பிடிக்கிற வேலையா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அண்ணனுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும், அவர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

---

தைப்பிங்_மழை எழுதியது:

அக்கா, என் அம்மாவுக்குச் செய்தோம். நீங்கள் சொல்கிற இடம்தானா என்று தெரியாது, வேறு ஊர். 12 தடவை போனோம், அப்புறம் நிறுத்திவிட்டோம்.

உள்ளதைச் சொல்கிறேன். போன நாட்களில் அம்மா நன்றாகத்தான் இருந்தார். காலையிலேயே குளித்துப் புடவை கட்டிப் பொட்டு வைத்துக்கொண்டு காடிக்குப் பக்கத்தில் நிற்பார், வீட்டில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அங்கே இருந்த பெண்பிள்ளை "ஆண்ட்டி, இன்றைக்குப் படகு வேகமாகப் போகிறது" என்று சொன்னால் ஒரே சிரிப்பு. ஆனால் மூன்றாம் நாள் பார்த்தால் பழைய கதைதான். நிறுத்தியபிறகு அதே கிழமைகளில் அம்மாவைத் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் நடக்க வைத்தோம், திரும்பும்போது ஒரு சென்டோல். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பணம் போனதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று கேளுங்கள்: தடவைக்கு முன்னால் நடையை அளந்து எழுதுகிறார்களா என்று. எங்களுக்கு யாரும் அளக்கவில்லை, அலையை மட்டும்தான் காட்டினார்கள். அலை அழகாகத்தான் இருந்தது.

---

பிசியோ_தம்பி எழுதியது:

நான் பிசியோதெரபி வேலை செய்கிறவன், பார்க்கின்சன் ஆட்களை வாரத்தில் நாலைந்து பேரையாவது பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், கோப்பி கலக்கிவைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அப்பாவின் கால் ஏன் வாசலில் ஒட்டுகிறது என்று பார்ப்போம். நடுமூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதுதான் இந்த நோய். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் எழுதிவைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. டோபமின் குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் இறுகிப்போகின்றன. அங்கிருந்து உச்சந்தலைக்குக் கீழே, கொஞ்சம் முன்பக்கமாக இருக்கும் ஒரு பகுதிக்குச் செய்தி போக வேண்டும். அந்தப் பகுதிதான் நாமாக ஓர் அசைவைத் தொடங்கும்போது "சரி, இப்போது" என்று உத்தரவு கொடுப்பது. உங்கள் அப்பாவுக்கு அந்த உத்தரவு சரியாகக் கிளம்புவதில்லை. ஆனால் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ தொடங்கும் அசைவுக்கு மூளையில் வேறு ஒரு பாதை உண்டு, அது அவ்வளவாகக் கெட்டுப்போகவில்லை. அதனால்தான் சமதரையில் நின்றுவிடுகிற ஆள் மாடிப்படியில் சரசரவென்று ஏறுவார். வீட்டில் இருப்பவர்கள் "நடிக்கிறார்" என்று சொல்வதும் இதைப் பார்த்துத்தான், பாவம்.

இப்போது உங்கள் கேள்வி. பயிற்சி பொய்யில்லை. அந்த உச்சந்தலைப் பகுதியைத்தான் வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் குறிவைத்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு. பார்க்கின்சன் உள்ள 10 பேர், எல்லோரும் ஆரம்பக் கட்டம். எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்க வைத்து, உடம்பை அசைக்காமல் அசைவதாக மனதுக்குள் கற்பனை செய்யச் சொன்னார்கள். 5 பேருக்கு அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் எவ்வளவு ஏறுகிறது என்பதை வெப்பமானி மாதிரி ஒரு படமாகத் திரையில் காட்டினார்கள், மீதி 5 பேருக்குக் காட்டவில்லை. ரத்தம் ஏறி அது தெரிவதற்கே நாலைந்து விநாடி பிடிக்கும், ஆகவே இது விளையாட்டு மாதிரி உடனே பதில் சொல்லாது, பொறுமை வேண்டும். வீட்டிலும் அதே கற்பனையைச் செய்துவரச் சொல்லி, சில மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். காட்டப்பட்டவர்களுக்கு விரல் தட்டும் வேகம் கூடியது, அசைவு மதிப்பெண் சராசரியாக 37 சதவீதம் தேறியது. காட்டப்படாதவர்களுக்கு அப்படி இல்லை.

இதைத்தான் அந்த மையத்து ஆட்கள் "நிரூபித்தது" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே குழு 2016இல் இன்னும் ஒழுங்காக ஒன்று செய்தது. 30 பேரைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பயிற்சியும் உடற்பயிற்சியும், பாதிப் பேருக்கு வெறும் உடற்பயிற்சி, 10 வாரம். அசைவு மதிப்பெண்ணில் முதல் குழு 4.5 புள்ளி தேறியது, இரண்டாம் குழு 1.9. பார்ப்பதற்கு நல்ல இடைவெளிதான், ஆனால் இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம், இரண்டுக்கும் இடையே உறுதியான வித்தியாசம் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. நேர்மையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அடுத்தது, அது எம்ஆர்ஐ. உங்களுக்குக் காட்டியது தலைத்தொப்பி, அதாவது இஇஜி. இரண்டும் ஒன்றில்லை. தொப்பி மண்டைத்தோலில் வரும் மின்சாரத்தைக் கேட்கிறது, சுவருக்கு வெளியே நின்று பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்கிற மாதிரி. கை நடுங்கினால், பல்லைக் கடித்தால், கழுத்து இறுகினால் அந்தச் சத்தமும் சேர்ந்து விழும். நடுக்கம் உள்ள ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை. பார்க்கின்சனில் பீட்டா என்ற அலை, விநாடிக்கு 13 முதல் 30 வரை அடிப்பது, ஆழத்தில் அளவுக்கு மீறி அடிக்கிறது என்பது நிஜம், லெவோடோபா வேலை செய்யும்போது அது இறங்குவதும் நிஜம். ஆபரேஷன் செய்து மூளைக்குள் மின்கம்பி வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கம்பி வழியாகவே அலையைத் திரையில் காட்டி, அதைத் தாங்களாகவே அடக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், சூரிச்சில் 2021இல் அப்படி ஓர் ஆய்வு வந்தது. அடக்கியபோது அசைவு வேகமானது. ஆனால் அங்கே ஒயர் அந்த அலை அடிக்கிற இடத்துக்கே போயிருக்கிறது, தொப்பி அவ்வளவு ஆழம் போகாது.

இன்னொன்று, இது தைப்பிங் நண்பர் சொன்னதற்கு. பார்க்கின்சன் அளவுக்கு நம்பிக்கை வேலை செய்கிற நோய் குறைவு. 2001இல் வான்கூவரில் வெறும் உப்புத்தண்ணீர் ஊசியை மருந்தாக இருக்கலாம் என்று சொல்லிப் போட்டு மூளையைப் படம் எடுத்தார்கள், நிஜ டோபமின் சுரந்தது. 2015இல் அமெரிக்காவில் 12 பேருக்கு இரண்டு ஊசி, ஒன்று 100 டாலர் மருந்து, மற்றது 1,500 டாலர் மருந்து என்று சொன்னார்கள். இரண்டுமே உப்புத்தண்ணீர். விலை அதிகம் என்று சொன்னதற்குத்தான் கை கால் இன்னும் நன்றாக அசைந்தது. ஆகவே 4,800 வெள்ளிக்கு ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்லவில்லை அக்கா, நடக்கும், கொஞ்ச நாளைக்கு. தைப்பிங் நண்பரின் அம்மா ஏமாறவில்லை, அவருடைய டோபமின்தான் அது.

மருந்தைக் குறைப்பது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த மையம் சொன்னதற்காக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கல்லாக இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும். கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை.

அப்புறம், மாத்திரையை எதோடு போடுகிறார்? இதற்குப் பதில் எழுதுங்கள்.

---

மூலிகைக்காடு எழுதியது:

இங்கிலீஷ் மருந்து, ஒயர் தொப்பி இதெல்லாம் எதற்கு? பூனைக்காலி விதைப்பொடி கொடுங்கள். நம்முடைய சித்த வைத்தியத்தில் நடுக்கத்துக்கு அதுதான். தோட்டத்தில் செம்பனைக்குக் கீழே படர்ந்து கிடக்குமே, அதே இனம்தான். இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது.

---

பிசியோ_தம்பி எழுதியது:

அண்ணே, பூனைக்காலியில் சரக்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதில் இருப்பதே லெவோடோபாதான். அதனால்தான் பயமாக இருக்கிறது. அப்பா ஏற்கெனவே மூன்று வேளை லெவோடோபா போடுகிறார், அதன்மேல் பொடியையும் கலக்கினால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், உடம்பு தானாக நெளிவது எல்லாம் வரும். கொடுப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். செம்பனைக்காட்டில் மண்ணை மூடுவதற்குப் போடும் கொடி அதே இனத்தில் வேறு செடி, தயவுசெய்து அதைப் பறித்து யாரும் அரைக்க வேண்டாம்.

வாந்தி என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. சாதாரணக் கிளினிக்கில் வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ போனால் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் இரண்டையும் சர்வசாதாரணமாகக் கொடுப்பார்கள். இரண்டும் டோபமினை அடைப்பவை, பார்க்கின்சன் ஆளுக்கு ஆகாது. பெயரை ஒரு தாளில் எழுதி அப்பாவின் ஐசியோடு (அடையாள அட்டையோடு) வைத்துவிடுங்கள்.

---

செம்பனை_சிவா எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த நோய் நம் தோட்டத்து ஆட்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசமாட்டேன் என்கிறீர்களே. என் அப்பா மருந்து அடிக்கிற வேலையில் 20 வருடம், முதுகில் தோம்பு, கையுறை கிடையாது, மூக்கில் கட்ட ஒரு துண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான். அவருக்கும் இப்போது கை நடுக்கம். பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதாக எத்தனையோ ஆய்வு வந்துவிட்டது. நம் நாட்டில் 2002இல் தடை போட்டார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1இல்தான் ஒரேயடியாகத் தடை. அதற்குள் எத்தனை பேர் கையால் கலக்கினார்கள்? பயிற்சிக்கு 4,800 வெள்ளியை மகனிடம் கேட்காமல் யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசியுங்கள்.

---

பழைய_கிராணி எழுதியது:

சிவா, நீங்கள் சொல்வதில் எனக்கும் கோபம் உண்டு. மருந்துக் கணக்கை எழுதியவனே நான்தான், எத்தனை தோம்பு போனது என்று தேதியோடு இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இன்ன ஆளுக்கு இன்ன மருந்தால்தான் வந்தது என்று ஒரு டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே இந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

சிப்புட்மகளே, எனக்கு 63 வயது, எனக்கே பார்க்கின்சன், ஆறு வருடம் ஆகிறது. பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்தவன். பிள்ளைகள்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள், நோயாளி யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். இதைத் தட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசல் விவகாரம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கால் நிற்பது மட்டும்தான் தெரியும். உள்ளே எப்படி என்றால், போக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறது, போகத் தெரியும், ஆனால் அந்த நினைப்புக்கும் காலுக்கும் நடுவே யாரோ வந்து நிற்கிற மாதிரி. பின்னால் ஒருவர் "வாங்க வாங்க" என்றால் அவர்களுக்குப் பதில் சொல்வதற்கே மூளை போய்விடுகிறது, காலுக்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவைப் பின்னாலிருந்து அவசரப்படுத்தாதீர்கள். இழுக்கவும் கூடாது. முதலில் நிற்கட்டும். உடம்பை இடது பக்கம் வலது பக்கம் என்று கொஞ்சம் ஆட்டட்டும், எடை ஒரு காலில் போனதும் மற்றக் காலைத் தூக்கச் சொல்லுங்கள். நான் மனதுக்குள் "ஒன்று" என்று சொல்லிக்கொண்டுதான் தூக்குகிறேன்.

வாசலில் குறுக்கே கலர் டேப் ஒட்டுங்கள். இரும்புச் சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஓர் அடி வைக்கிற தூரத்துக்கு ஒரு கோடு, வாசலுக்கு முன்னால் இரண்டு, தாண்டி இரண்டு. கோட்டைத் தாண்டப் பார்த்தால் கால் தானாக எழும்பும். பிசியோ தம்பி சொன்ன அந்த இன்னொரு பாதை இதுதான் போலிருக்கிறது. என் மனைவி முதலில் "வீட்டை ரோடு மாதிரி ஆக்கிவிட்டீர்கள்" என்றாள், இப்போது டேப் உரிந்தால் அவளே புதிதாக ஒட்டுகிறாள்.

இப்போது கற்பனைப் பயிற்சி. நான் எந்த மையத்துக்கும் போகவில்லை. ஒரு பிசியோ அம்மா கற்றுக்கொடுத்தார், சும்மா. கண்ணை மூடி, உடம்பை அசைக்காமல், ஒரு வேலையைச் செய்வதாக நினைக்க வேண்டும். நம்மை நாமே சினிமா மாதிரி வெளியே நின்று பார்க்கக் கூடாது, உள்ளேயிருந்து செய்ய வேண்டும், கையில் எடை தெரிய வேண்டும், காலடியில் தரை தெரிய வேண்டும். அவர் முதலில் என்னை நீச்சலடிப்பதாக நினைக்கச் சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாதம்மா, நான் எங்கே அடிப்பது? அப்புறம் நானே ஒன்று கண்டுபிடித்தேன். காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக் களத்துக்குப் போவது. ஆபீஸ் படி நாலு இறங்கி, மண்ரோட்டில் ஏறி, கையில் ஆள் வருகையைக் குறிக்கும் செக்ரோல் புத்தகம், ஒவ்வோர் அடியாக. பெயர் கூப்பிடும் இடத்துக்கு வந்ததும் கண்ணைத் திறந்து நிஜமாகவே வாய்விட்டு 20 பெயரைக் கூப்பிடுவேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. குரலுக்கும் அது பயிற்சி, இந்த நோயில் குரலும் தேய்ந்துவிடும். கூப்பிடும் பெயரில் பாதிப் பேர் இப்போது இல்லை.

கற்பனை முடிந்த கையோடு எழுந்து பத்து நிமிடம் நடப்பேன். கற்பனையை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்தே இருந்தால் பிரயோஜனமில்லை என்பது என் அனுபவம். உங்கள் அப்பாவுக்கு என்ன கற்பனை என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. 35 வருடம் பால் வெட்டியவர்.

அந்த எம்ஆர்ஐ பயிற்சி நம் ஊரில் ஆராய்ச்சியாக வந்தால் நான் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன், இலவசமாக இருந்தால். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள், இதை அண்ணனிடம் சொல்லுங்கள். கோலாலம்பூரில் பார்க்கின்சன் சங்கம் இருக்கிறது, போனில் பேசிப் பாருங்கள், நல்லபடியாக வழி சொல்வார்கள்.

ஒன்றே ஒன்று. பட்டணத்தில் கடைத்தெருவில் நடக்கும்போது சிலர் என்னைக் குடித்திருக்கிறான் என்று நினைத்து ஒதுங்கியிருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதனால் ஒரு வருடம் வெளியே போகவே இல்லை, நோய் அந்த ஒரு வருடத்தில்தான் ஓடிப்போய் முன்னால் நின்றது. அப்பா வெளியே போக மறுத்தால் இதுவும் காரணமாக இருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

---

சிப்புட்மகள் எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்.

பிசியோ தம்பி கேட்ட கேள்வியிலேயே வெட்கப்பட்டேன். அப்பா காலை மாத்திரையைச் சூடான பால் ஊற்றிய மைலோவோடு, ரொட்டி சானாயையும் பருப்புக் கறியையும் சாப்பிட்டுக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தார், நாலு வருடமாக. நான்தான் கலக்கிக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் கேட்டால், பால், பருப்பு, முட்டை, கோழி இவற்றில் இருக்கும் புரதம் மருந்தை உள்ளே போகவிடாமல் போட்டி போடும், சாப்பாட்டுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் வெறும் தண்ணீரில் போடச் சொல்லுங்கள் என்றார்கள். முதல் தடவை மருந்து வாங்கியபோதே சொல்லியிருப்பார்கள் போல, அன்றைக்கு இருந்த கலக்கத்தில் என் காதில் விழவில்லை. மாற்றி எட்டு நாள் ஆகிறது. காலை நேரத்தில் வாசலில் நிற்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. மாலையில் இன்னும் இருக்கிறது. டேப் ஒட்டியாயிற்று, மஞ்சள் கலர்.

பூனைக்காலி பற்றிச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, ஆனால் இப்போதைக்கு வேண்டாம். சிவா அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவும் மூன்று வருடம் மருந்து அடித்தவர்தான், எனக்கே தெரியாது. "யார் கேட்டார்கள் சொல்ல" என்றார்.

மையத்துக்குப் போன் செய்தேன். தைப்பிங் தம்பி சொன்ன மாதிரி, ஆரம்பத்திலும் முடிவிலும் நடையை அளப்பீர்களா என்று கேட்டேன், அலை அறிக்கை கொடுப்போம் என்றார்கள். எந்த அலையை இறக்குவீர்கள், கை நடுங்கும்போது அது கலக்காதா என்றேன், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்றார்கள். அப்பாவின் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா என்றேன், அதற்குச் சத்தமே இல்லை. அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை, தூரத்தில் இருப்பவர், பணத்தையாவது அனுப்பினால்தான் ஏதோ செய்த மாதிரி இருக்கிறது அவருக்கு. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு ஈப்போ போய்வர காடிச் செலவும், குளியலறையில் கைப்பிடி போடுகிற செலவும் நீங்கள் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார், முழு மனதோடு என்று சொல்ல முடியாது.

கற்பனைப் பயிற்சிதான் பெரிய கூத்து. "அப்பா, கண்ணை மூடுங்க, பால் வெட்டுற மாதிரி நினைங்க. தலையில் விளக்கு மாட்டியாச்சு. முதல் மரம். உளியை வைங்க, இழுங்க" என்று ஆரம்பித்தேன். கண்ணை மூடியபடியே கையை நீட்டி என்னை நிறுத்தினார். "ஒட்டுப்பாலை உருவினியா? அதை உருவாம உளியை வைக்கிறியே, பால் எங்கடி ஓடும்? பால் பிடிக்கிற மங்கைத் துடைச்சியா?" என்றார். நாலு வருடத்தில் அப்பா என்னைத் திட்டியதே இல்லை, நான் அழுதுவிட்டேன். அப்புறம் அவரே சொல்லிக்கொடுத்தார். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உருவிக் கூடையில் போடு, மேலே இடது ஓரத்தில் உளியைக் கொடுத்துச் சரிவாக இழு, மரத்தைச் சுற்றிக் காலை மாற்றிக்கொண்டே இழு, ஆழம் போகாதே மரம் கெட்டுவிடும், மங்கை நிமிர்த்தி வை, அடுத்த மரத்துக்கு நட. மரத்துக்கு மரம் எத்தனை அடி என்றுகூடச் சொன்னார். சொல்லும்போது அந்த வலது கை, நாற்காலிப் பிடியில் இருந்த கை, கொஞ்ச நேரம் நடுங்கவில்லை. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

இப்போது தினமும் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துச் செய்கிறோம், முடிந்ததும் சாலைமுனை வரை நடை. ஒரே பிரச்சினை, நாற்பதாவது மரம் வரும்போது குறட்டை விடுகிறார். இதற்கு என்ன செய்வது?

---

பிசியோ_தம்பி எழுதியது:

அக்கா, மாத்திரையின் நேரம் மாறியதை அடுத்த தடவை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இப்போது மருந்து உள்ளே கூடுதலாகப் போகிறது, உடம்பு தானாக நெளிகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். தூக்கத்துக்கு: சாய்வு நாற்காலி வேண்டாம், முதுகு நேராக நிற்கும் நாற்காலி, பாதம் தரையில் படட்டும். நாற்பது மரம் தேவையில்லை. ஐந்து மரம், எழுந்து நடை, திரும்ப ஐந்து மரம். நடப்பதில் கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவு வேகம் இருந்தால் நல்லது. அமெரிக்காவில் 128 பேரை வைத்து ஆறு மாதம் பார்த்ததில், வாரம் ஏறக்குறைய மூன்று நாள் இதயம் நன்றாகத் துடிக்கும்படி ஓடுபொறியில் நடந்தவர்களுக்கு நோயின் மதிப்பெண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது, வழக்கம்போல இருந்தவர்களுக்கு ஏறியது, அதாவது மோசமானது. அவர்கள் மருந்து தொடங்காத ஆரம்ப நோயாளிகள், அப்பாவுக்கு அவ்வளவு வேகம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். விழுந்த ஆள், பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும்.

---

பழைய_கிராணி எழுதியது:

நாற்பது மரத்தில் தூங்குகிற ஆளுக்கு என் செக்ரோலில் அரை நாள்கூடப் போட மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கிராணி சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் வந்து எழுந்து உட்காருவார்.